மாண்டார்க்கு ஒரு நாள், மீண்டார்க்கு ஒரு நாள்

போர் ஒன்று முடிந்தபின் ஒரு நாட்டின் முன்னே இருவகைக் கடன்கள் நிற்கின்றன. ஒன்று, களத்திலே வீழ்ந்துபட்டு வீடு திரும்பாதவர்களுக்குரிய கடன். மற்றொன்று, களத்தினின்று மீண்டு வந்து மக்களிடையே வாழ்கின்றவர்களுக்குரிய கடன். இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. முன்னையது நினைவினால் இறுக்கப்படுவது. பின்னையது நன்றியினாலும், அந்நன்றிக்கேற்ற செயலினாலும் இறுக்கப்படுவது. ஒன்றை இறுத்துவிட்டு மற்றதையும் இறுத்துவிட்டதாக எண்ணுவது மக்களுக்கும் அரசாங்கங்களுக்கும் எளிதில் நேரக்கூடிய பிழையாகும்.

இவ்வேறுபாடு வெறுஞ் சொல்வேறுபாடு அன்று என்பதை ஐக்கிய அமெரிக்க நாட்டு வழக்கம் நன்கு காட்டும். அந்நாட்டிலே ஆண்டுதோறும் மே மாதத்துக் கடைசித் திங்கட்கிழமை நினைவு நாளாக அனுட்டிக்கப்படுகின்றது. அன்று தெருவிலே முன்னாட் போர்வீரர் ஒருவரைக் காண்கின்றவர்கள் அவருடைய கையைப் பற்றி, அவர் ஆற்றிய சேவைக்கு நன்றி கூறிச் செல்வதுண்டு. நல்லெண்ணத்துடனேயே கூறுகின்றனர். ஆயினும் அந்நன்றியைப் பெறும் முதியோருட் பலர் மகிழ்வதில்லை, கூசுகின்றனர். அந்த நாள் தமக்குரியதன்று, தம்மோடு புறப்பட்டுத் தம்மோடு திரும்பாத தோழர்க்கு உரியது என்பது அவர்கள் எண்ணம். பிறர் பொருளைத் தமதென்று கையேற்றாற் போன்ற ஒரு நாணம் அவர்களைப் பற்றுகின்றது. அந்த நாணத்தின் காரணத்தை அறிய வேண்டுமாயின், அந்நாட்டில் இவ்விழாக்கள் தோன்றிய வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவிற் படைவீரர் தொடர்பான சிறப்பு நாட்கள் மூன்று உள்ளன. மே மாதத்து மூன்றாஞ் சனிக்கிழமை ஆயுதப்படை நாள். 1950ஆம் ஆண்டு முதல் அனுட்டிக்கப்படும் இந்நாள் இப்பொழுது சேவையில் இருப்பவர்களுக்கு உரியது. நவம்பர் 11ஆந் திகதி முன்னாட் படைவீரர் நாள். சேவையாற்றி ஓய்வு பெற்று வாழ்கின்றவர்களை முதன்மையாகக் கருதியது. மே மாதத்துக் கடைசித் திங்கட்கிழமையோ சேவையிலே உயிர் துறந்தவர்களுக்கு மட்டுமே உரியது. சீருடை அணிந்திருப்போர், அதனைக் களைந்து வைத்தோர், களைந்து வைக்கும் வாய்ப்பையே பெறாதோர் என்னும் மூவகையினருக்கும் தனித்தனியே நாள் வகுக்கப்பட்டிருத்தல் காண்க.

இவற்றுள் மூத்தது மாண்டோர் நாளே. 1861 முதல் 1865 வரை அந்நாட்டின் வடபகுதி மாநிலங்களுக்கும் தென்பகுதி மாநிலங்களுக்குமிடையே நடந்த உள்நாட்டுப் போரிலே ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கல்லறை காணாத ஊர் இல்லை, கண்ணீர் சிந்தாத இல்லம் இல்லை என்னும் நிலை அது. எந்த ஊரார் முதன்முதல் அக்கல்லறைகளுக்கு மலர் சாத்தினர் என்பது பற்றிப் பல ஊர்கள் இன்றும் போட்டியிடுகின்றன. அவற்றுள் இரண்டு நிகழ்ச்சிகள் மனத்தை உருக்குவன.

முதலாவது தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் நிகழ்ந்தது. அங்கே குதிரைப் பந்தயத் திடல் ஒன்று தென்பகுதியாரின் சிறைக்களமாகப் பயன்பட்டது. அதிலே நோயினாலும் வாட்டத்தினாலும் மாண்ட வடபகுதி வீரர் 257 பேர் அடையாளமின்றிப் புதைக்கப்பட்டிருந்தனர். போர் முடிந்ததும், அடிமைத்தளையினின்று அப்பொழுதே விடுபட்டிருந்த கறுப்பின மக்கள் அவ்வுடல்களை எடுத்து முறைப்படி அடக்கஞ் செய்தனர். சுற்றிலும் வேலி அமைத்தனர். 1865ஆம் ஆண்டு மே மாதம் 1ஆந் திகதி ஏறத்தாழ 10,000 மக்கள் மலர்களோடு அங்கே ஊர்வலமாகச் சென்றனர். பாடசாலைப் பிள்ளைகள் அவ்வூர்வலத்தின் முன்னணியிற் பாடிச் சென்றனர். தம் பெயரிலே ஒரு துண்டு நிலமும் இல்லாத மக்கள், தமக்காக மாண்டவர்களுக்கு முதலில் இடம் தேடிக் கொடுத்தனர்.

இரண்டாவது மிசிசிப்பி மாநிலத்துக் கொலம்பஸ் என்னும் ஊரில் நிகழ்ந்தது. 1866ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் அவ்வூர்ப் பெண்கள் தங்கள் பக்கத்து வீரரின் கல்லறைகளுக்கு மலரிடச் சென்றனர். அருகே எதிரிப் படையினரின் கல்லறைகள் வெறுமையாகக் கிடந்தன. அவற்றின் மேலும் அவர்கள் மலரிட்டனர். கல்லறைக்குள் இருப்பவன் எந்தப் பக்கத்தவனாயினும் அவனுக்கும் ஒரு தாய் எங்கோ இருந்து அழுகின்றாள் என்பதை உணர்ந்த உள்ளங்கள் அவை.

இவ்வாறு ஆங்காங்கே தோன்றிய வழக்கத்துக்கு 1868ஆம் ஆண்டிலே ஒரு பொது உருவங் கிடைத்தது. வடபகுதிப் படையின் முன்னாள் வீரர் சங்கத்துக்குத் தலைவராயிருந்த ஜெனரல் ஜோன் லோகன், மே மாதம் 30ஆந் திகதி நாடெங்கும் போரில் மாண்டோரின் கல்லறைகளை மலரால் அணி செய்ய வேண்டுமெனக் கட்டளையிட்டார். மலரணி நாள் என்பதே அந்நாளின் பழைய பெயர். அவ்வாண்டு வாஷிங்டன் நகருக்கு அண்மையிலுள்ள ஆர்லிங்டன் இடுகாட்டிலே ஏறத்தாழ 5,000 பேர் கூடினர்; பிற்காலத்திற் சனாதிபதியாகிய ஜேம்ஸ் கார்பீல்ட் அங்கே உரையாற்றினார். இந்நாளைத் தொடக்கி வைத்தோர் போரிலிருந்து மீண்டவர்களே என்பது நோக்கற்பாலது. உயிரோடு திரும்பியவர்கள் தமக்கென ஒரு நாள் கேட்கவில்லை, திரும்பாதவர்களுக்காகவே கேட்டனர். இன்றும் அந்நாளிலே நன்றி பெறக் கூசுகின்ற முதியவர், அந்த முதற் பரம்பரையினரின் மரபையே தம்மை அறியாது காத்து நிற்கின்றார் எனலாம். முதலாம் உலகப் போருக்குப் பின் இந்நாள் எல்லாப் போர்களிலும் மாண்டோர்க்குப் பொதுவாயிற்று.

மீண்டோர் நாளின் வரலாறு வேறு. முதலாம் உலகப் போர் 1918ஆம் ஆண்டு நவம்பர் 11ஆந் திகதி முற்பகல் 11 மணிக்கு ஓய்ந்தது. அடுத்த ஆண்டே சனாதிபதி வில்சன் அந்நாளைப் போரொழிவு நாளென அறிவித்தார். 1938ஆம் ஆண்டிலே அது சட்டப்படி விடுமுறையாயிற்று. பிரித்தானியாவும் அதன் ஆட்சிக்குட்பட்டிருந்த நாடுகளும் அந்நாளையே மாண்டோர் நினைவுக்கு உரியதாக்கின. 1920ஆம் ஆண்டு நவம்பர் 11ஆந் திகதி இலண்டனிலும் பாரிஸ் நகரிலும் பெயர் தெரியாத போர்வீரன் ஒருவனது உடலுக்கு அரச மரியாதை செய்யப்பட்டது. அமெரிக்காவும் 1921இல் அதே நாளில் ஆர்லிங்டனில் அவ்வாறே செய்தது. ஆகவே நவம்பர் 11 அமெரிக்காவிலும் தொடக்கத்திலே துக்கத்தின் சாயல் படிந்த நாளாகவே இருந்தது.

அது மீண்டோர் நாளாக மாறியமைக்குக் காரணம் இரண்டாம் உலகப் போராகும். அப்போரிலே 1 கோடி 60 இலட்சம் அமெரிக்கர் சேவை புரிந்தனர். அவர்களுள் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மீண்டவர்கள் பெருந்தொகையினர். அதன்பின் கொரியப் போரும் வந்து சென்றது. முதற்போரின் முடிவை மட்டும் குறிக்கும் ஒரு நாள் இவர்களுக்கு எவ்வாறு பொருந்தும் என்ற வினா எழுந்தது. கன்சாஸ் மாநிலத்து எம்போரியா என்னும் சிற்றூரில் பாதரட்சை திருத்தும் தொழில் செய்த ஆல்வின் கிங் என்பவர், அந்நாள் எல்லாப் போர்களின் வீரருக்கும் உரிய நாளாக வேண்டுமென 1953இல் தம் ஊரிலே இயக்கம் நடத்தினார். அக்கருத்தை அவ்வூர்ப் பிரதிநிதி காங்கிரஸ் சபைக்குக் கொண்டு சென்றார். 1954ஆம் ஆண்டு யூன் மாதம் 1ஆந் திகதி சனாதிபதி ஐசன்ஹவர் கையொப்பமிட்ட சட்டத்தினாற் போரொழிவு நாள் முன்னாட் படைவீரர் நாளாயிற்று. மாண்டோர்க்கு மே மாதத்திலே ஏற்கனவே ஒரு நாள் இருந்தமையால், நவம்பர் நாளை வாழ்வோர்க்கு வழங்க அந்நாட்டினரால் இயன்றது. அத்தகைய பழைய நாள் ஒன்று இல்லாத பிரித்தானியாவில் நவம்பர் இன்றும் மாண்டோர் மாதமாகவே இருக்கின்றது.

ஆயின் சட்டம் வகுத்த எல்லையை வழக்கம் அழித்துவிட்டது. 1968ஆம் ஆண்டில் நிறைவேறி 1971இல் நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, உத்தியோகத்தருக்கு மூன்று நாள் தொடர் விடுமுறை கிடைக்கும் நோக்குடன் பல விழாக்களைத் திங்கட்கிழமைக்கு மாற்றியது. மே 30ஆந் திகதி மே மாதத்துக் கடைசித் திங்களாயிற்று. நவம்பர் 11ஆந் திகதி ஒக்டோபர் மாதத்து நான்காந் திங்களாயிற்று. நவம்பர் நாளை மாற்றியதை மக்கள் ஏற்கவில்லை. போர் ஓய்ந்த நாளை விடுமுறை வசதிக்காக நகர்த்தலாமா என்று பல மாநிலங்கள் மறுத்தன. 1978 முதல் அது பழைய திகதிக்கே மீண்டது. மே நாளோ மீளவில்லை. இன்று அது கோடைகாலத்தின் தொடக்கமாகவும், கடற்கரைக்குச் செல்லும் நாளாகவும், கடைகளில் விலை குறைத்து விற்கும் நாளாகவும் பெரும்பாலோருக்கு விளங்குகின்றது.

இம்மாற்றத்தை எதிர்த்தவர்களுள் ஒருவர் ஹவாய் மாநிலத்துச் செனற்றர் டானியல் இனோயே. யப்பானிய மரபினரான அவர் இரண்டாம் உலகப் போரிலே இத்தாலியிற் பொருது வலக்கையை இழந்தவர். மே 30ஐ மீட்கும் மசோதாவை அவர் 2012இல் இறக்கும்வரை பன்முறை சபையில் முன்வைத்தார், அது நிறைவேறவில்லை. போரிலிருந்து மீண்ட அவர் மாண்டோர் நாளுக்காக வாதாடினார். எம்போரியா ஊர் ஆல்வின் கிங்கோ போரில் உறவினன் ஒருவனை இழந்தவர். அவர் மீண்டோர் நாளுக்காக உழைத்தார். ஒவ்வொருவரும் தமக்குரியதை விட்டு மற்றவருக்குரியதைக் கேட்ட இப்பண்பே இரு நாட்களின் உயிர்நிலையாகும்.

இனி, ஒரு வினா எழலாம். எந்த நாளில் எவருக்கு நன்றி கூறினால் என்ன? நன்றி நன்றிதானே? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு இறந்தோரும் இருப்போரும் நாட்டிடம் வேண்டுவன எவை என்று நோக்க வேண்டும். இறந்தோர் உணவு கேளார்; உறையுள் கேளார்; உபகாரச் சம்பளம் கேளார். மறவாமை ஒன்றே அவர்களுக்கு நாடு கொடுக்கக்கூடியது. இருப்போர்க்கோ மருந்து வேண்டும், தொழில் வேண்டும், இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் நினைவுகளினின்று விடுதலை வேண்டும். மாண்டோர் நாளிலே மீண்டோரைப் போற்றினால் மாண்டோர் மறைகின்றனர். அவர்களுக்கென இருந்த ஒரே நாளும் பொதுநாளாகிவிடுகின்றது. மாண்டோரைப் போற்றுவதோடு நின்றுவிட்டாலோ மீண்டோர் பசித்திருக்கின்றனர். கல்லுக்கு மாலை சாத்துதல் எளிது. நோயாளிக்கு மருந்து கொடுத்தல் செலவு மிக்கது. எளியதைச் செய்து அரியதை மறைக்கும் ஆபத்து எந்நாட்டிலும் உண்டு.

அமெரிக்க வரலாற்றிலே இதற்கு ஒரு துயரமான சான்று உண்டு. முதலாம் உலகப் போரில் ஈடுபட்டோர்க்கு உபகாரத் தொகை வழங்குவதெனக் காங்கிரஸ் சபை 1924ஆம் ஆண்டிற் சட்டமியற்றியது. உள்நாட்டில் ஆற்றிய சேவைக்கு நாளொன்றுக்கு 1 டொலர், கடல் கடந்து ஆற்றிய சேவைக்கு 1 டொலர் 25 சதம் என்பது கணக்கு. ஆனால் பெரும்பாலோர்க்குக் கையிற் கொடுக்கப்பட்டது பணமன்று. 1945ஆம் ஆண்டிற் செல்லுபடியாகும் பத்திரமே. 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தம் தொழிலையும் வீட்டையும் பறித்தபொழுது, அப்பத்திரத்தின் முழுத் தொகையையும் பெற இயலவில்லை. 1932ஆம் ஆண்டு கோடையிலே ஏறத்தாழ 20,000 முன்னாள் வீரர், சிலர் மனைவி மக்களோடும், தலைநகருக்கு வந்து குடிசை அமைத்துத் தங்கினர். வாக்களித்த தொகையை உடனே தருமாறு கேட்டனர். மக்கட்பிரதிநிதிகள் சபை இசைந்தது. செனற் சபை மறுத்தது.

யூலை மாதம் 28ஆந் திகதி பொலிசார் அவர்களை அகற்ற முயன்றபொழுது எழுந்த கலவரத்திற் சூடுபட்டு வீரர் இருவர் உயிரிழந்தனர். அன்று மாலை ஜெனரல் மக்ஆர்தர் தலைமையிற் குதிரைப்படையும் டாங்கிகளும் வந்தன, கண்ணீர்ப்புகை வீசப்பட்டது, குடிசைகள் தீக்கிரையாயின. இறந்தவர்களுள் ஒருவராகிய வில்லியம் ஹுஷ்கா சில நாட்களின் பின் ஆர்லிங்டன் இடுகாட்டிலே, நாட்டின் வீரர்கள் துயிலும் அதே மண்ணில் அடக்கஞ் செய்யப்பட்டார். உயிரோடு வந்து கேட்டபொழுது தலைநகரில் நிற்க இடமளிக்காத நாடு, உயிர் போனபின் வீரர் வரிசையில் இடமளித்தது. மாண்டோர்க்குச் செய்யும் மரியாதையை மீண்டோர்க்குச் செய்யும் நீதிக்கு ஈடாகக் கொள்வதன் கொடுமையை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது. அத்தொகை 1936ஆம் ஆண்டிலே, சனாதிபதியின் மறுப்பையும் மீறிய சட்டத்தின் மூலம் வழங்கப்பட்டது.

அந்நாடு இதிலிருந்து பாடங் கற்றது என்றுங் கூற வேண்டும். அடுத்த பெரும் போர் முடியுமுன்னரே, 1944ஆம் ஆண்டு யூன் மாதத்தில், திரும்பி வருவோர்க்குக் கல்விச் செலவும், வீடு கட்டக் கடனும், தொழில் கிடைக்கும்வரை உதவிப் பணமும் வழங்கும் சட்டம் நிறைவேறிற்று. 1956ஆம் ஆண்டளவில் 78 இலட்சம் பேர் அதன்மூலம் கல்வியும் பயிற்சியும் பெற்றனர். விவசாயியின் மகன் பல்கலைக்கழகம் புகுந்தான். தொழிலாளியின் மகன் பொறியியலாளனானான். நன்றி என்னுஞ் சொல்லுக்குச் செயல்வடிவம் கொடுத்தது அச்சட்டம். எனினும் தென்மாநிலங்களிற் கறுப்பின வீரர் பலருக்கு அவ்வுதவி எட்டவில்லை. கடன் கொடுக்கும் வங்கியும் கல்லூரி வாயிலும் நிறம் பார்த்தன. 1865இல் முதல் மலரைச் சாத்திய மக்களின் பேரர்களுக்கு நன்றியிலும் பங்கு குறைந்தது.

இவ்வளவும் நோக்கியபின், இரு நாட்களுக்குமிடையே உயர்ந்த மதில் எழுப்ப வேண்டும் என்று கொள்ளலாகாது. மாண்டோரை நினைப்பதற்கு மீண்டோரினும் சிறந்த சாட்சிகள் இலர். தோழனின் குரலையும் சிரிப்பையும் அறிந்தவர் அவர்களே. 1982இல் வாஷிங்டனில் எழுப்பப்பட்ட வியட்நாம் போர் நினைவுச் சுவர் இதனை அழகுற உணர்த்தும். கறுப்புக் கருங்கல்லிலே 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள், அவர்கள் வீழ்ந்த நாள் முறைப்படி வெட்டப்பட்டுள்ளன. பளபளக்கும் அக்கல்லின் முன் நிற்பவர், தம் முகத்தின் நிழல் அப்பெயர்களினூடே தெரிவதைக் காண்பார். அப்போரிலிருந்து திரும்பியபொழுது வரவேற்பின்றி ஒதுக்கப்பட்ட வீரர் பலர், மாண்டோர்க்கென எழுந்த அச்சுவரின் முன்னேதான் முதன்முறையாக அழுது ஆறுதல் பெற்றனர்.

நினைவு நாளிற் கொடியேற்றும் முறையிலும் இக்கருத்து அடங்கியுள்ளது. அன்று காலையிற் கொடி அரைக்கம்பத்திலே பறக்கும். நண்பகலானதும் முழுக்கம்பத்துக்கு உயர்த்தப்படும். காலைப்பொழுது துயருக்குரியது, பிற்பொழுது அத்துயரைத் தோளிற் சுமந்து நிமிர வேண்டிய வாழ்வோர்க்குரியது என அதற்குப் பொருள் கொள்ளலாம். 2000ஆம் ஆண்டிற் சட்டமொன்றின் மூலம், அன்று பிற்பகல் 3 மணிக்கு ஒரு நிமிடம் யாவரும் மௌனமாயிருக்கும் வழக்கமும் சேர்க்கப்பட்டது. அவுஸ்திரேலியரும் நியூசிலாந்தினரும் ஏப்ரில் 25ஆந் திகதி அனுட்டிக்கும் அன்சாக் நாளிலே, விடியற்பொழுதில் மாண்டோர்க்கு அஞ்சலி செய்து, பொழுது ஏறியபின் முன்னாள் வீரரின் அணிவகுப்பை வாழ்த்துகின்றனர். ஒரே நாளாயினும் வேளை வேறு. வேளை வேறாதலின் முறை குழம்புவதில்லை.

செந்நிறப் பொப்பி மலரின் கதையும் இத்தகையதே. மாண்டோர் நினைவாக அணியப்படும் அம்மலர், 1921 முதல் பிரித்தானியாவில் வாழும் வீரரின் துயர் துடைக்கப் பணந் திரட்டும் வழியாயிற்று. அடுத்த ஆண்டிலிருந்து அங்கவீனமுற்ற வீரரே அதனைச் செய்தனர். ஆயின் அம்மலர் இலங்கைக்கு வந்தபொழுது ஒரு வினாவும் உடன் வந்தது. இங்கே விற்ற மலரின் பணத்திற் பெரும்பங்கு பிரித்தானிய வீரரின் நலனுக்கே சென்றது. இலங்கை வீரருக்குக் கிடைத்தது சிறுபங்கே. இதனைப் பொறாத முன்னாட் படைவீரர் ஏலியன் பெரேரா 1931ஆம் ஆண்டிலே, அதே நவம்பர் 11ஆந் திகதி, பொப்பிக்கு எதிராகச் சூரிய மலரை விற்கத் தொடங்கினார். சிங்களத்திற் சூரிய எனப்படுவது தமிழர் வேலிதோறும் நிற்கும் பூவரசே. 1933 முதல் இளைஞர் இயக்கத்தினர் இவ்விற்பனையை மேற்கொண்டு, போரையும் அந்நிய ஆட்சியையும் எதிர்க்கும் அறிகுறியாக்கினர். 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் பல்லாயிரவரைப் பலிகொண்டபொழுது, அவ்வியக்கத்தினர் கிராமங்கள்தோறும் சென்று மருந்தும் உணவும் வழங்கினர். எந்த மலரை அணிவது என்ற வழக்கு, உண்மையில், நினைவின் பெயராற் சேரும் பொருள் எவரைச் சென்றடைகின்றது என்ற வழக்கேயாகும்.

பண்டைத் தமிழர் இவ்விரு கடனையும் பிரித்தறிந்திருந்தனர். வீழ்ந்தவனுக்குக் கல் நாட்டி, பெயரும் பீடும் எழுதி, மயிற்பீலி சூட்டி வழிபட்ட முறையைத் தொல்காப்பியமும் புறநானூறும் கூறும். ஆயினும் அவர்கள் கல்லோடு நிற்கவில்லை. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையின் இறுதியிலே, வாடைக்காற்று வீசும் நள்ளிரவிற் பாண்டிய வேந்தன் துயிலாது எழுந்து, விளக்கொளி அசையப் பாசறையிற் புண்பட்டுக் கிடக்கும் வீரரைத் தனித்தனியே கண்டு தேற்றுகின்றான். மாண்ட வீரனின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என நிலம் வழங்கிய செய்தியைப் பிற்காலக் கல்வெட்டுக்கள் தெரிவிக்கின்றன. கல்லும் வேண்டும், விளக்கேந்திச் செல்லும் நடையும் வேண்டும், நிலமும் வேண்டும் என்பது அவர்கள் கண்ட முறை.

ஆதலின் நினைவு நாளிலே முதிய வீரர் ஒருவரைச் சந்திப்பவர் செய்யத்தக்கது யாது? அவருக்கு நன்றி கூறுவதற்குப் பதிலாக, அவரோடு சென்று திரும்பாதவன் எவன், அவன் பெயர் என்ன, அவன் எத்தகையவன் என்று கேட்கலாம். அக்கேள்வி மாண்டவனுக்கு அஞ்சலியாகும், மீண்டவருக்கு ஆறுதலுமாகும். அவருக்குரிய நாள் வரும்பொழுது நன்றி கூறலாம். ஆனால் அன்றைக்கு வாயின் நன்றி மட்டும் போதாது. அவருடைய மருத்துவமும் உணவும் உறையுளும் எவ்வாறுள்ளன என்று நாடு தன்னைத் தானே வினவிக்கொள்ள வேண்டும். மாண்டோரின் கணக்கை மலர் தீர்க்கும். மீண்டோரின் கணக்கு ஆண்டு முழுவதும் திறந்தே இருக்கும்.